பத்திரிகை ஆசிரியரின் சாம்பல் நிறக் கோட்டு

நாலாம் வகுப்பில் குலுக்கலில் எனக்கு வந்த சீட்டில் ஒரு மீசைக்காரர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சாஸ் எல்லைப்புறத்தில் பத்திரிகை நடத்தி, அரசியலிலும் இறங்கிய ஆசாமி. அதே டெக்சாஸில், பிளானோ என்ற ஊரில் எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் இந்தக் கூத்து உண்டு. ஆளுக்கொரு சரித்திர வேடம் போட்டுச் சிலையாக நிற்க வேண்டும். முன்னால் ஒட்டிய சிவப்புக் காகித வட்டத்தை யாராவது அமுக்கினால், உயிர் வந்து வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டும். என் தோழிக்கு விண்வெளி வீராங்கனை. எனக்குப் போய் இந்த மனுஷனா! அழுதேவிட்டேன்.

அம்மா கண்மையால் மீசை வரைந்து, ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்தாள். எனக்கு அது போதவில்லை. அப்பாவின் கல்யாண ரிசப்ஷன் கோட்டு கதவில் தொங்கியது. சாம்பல் நிறம். சுருட்டிப் பைக்குள் அடைத்தேன். பத்திரிகைக்காரர் மேல் மை படாமல் இருக்குமா என்று, பள்ளியில் மார்க்கரால் அதன் இரண்டு கைகளிலும் தாராளமாகத் தீற்றினேன்.

அப்பாவுக்கு வேலை போயிருந்தது எனக்குத் தெரியாது. விசாக் கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும் என்பதும், அன்று மத்தியானம் இன்டர்வியூ என்பதும், வீட்டில் இருந்த ஒரே கோட்டு அதுதான் என்பதும் தெரியாது.

பதினொரு மணிக்கு அப்பா டை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மற்ற அப்பாக்கள் எல்லாம் ஆபீஸில். என் அப்பா மட்டும் லீவு போட்டு வந்திருக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டின் கைகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், குனிந்து வட்டத்தை அமுக்கினார்.

ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முதல் ஊரில் என் பத்திரிகை படுத்துவிட்டது. அச்சு இயந்திரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த ஊர் போனேன். அங்கே தேர்தலில் தோற்றேன். மறுபடி வண்டி. மூன்றாவது ஊரில்தான் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனேன்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றார். சொன்னேன். என் தலையைத் தடவிவிட்டு, வெறும் சட்டையோடு வேகமாக வெளியே போனார்.

அந்த வேலை கிடைக்கவில்லை. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது வேறொரு மாநிலத்தில், எடிசன் என்ற ஊரில் ஒன்று அமைந்தது. வாடகை வேனில் அப்பா முதலில் ஏற்றியது கிரைண்டரை.

கோட்டைக் காணாமல்தான் அப்பா அன்று பள்ளிக்கு ஓடி வந்தார் என்று அம்மா போன வருஷம்தான் சொன்னாள். அதுவரை, என் பேச்சைக் கேட்க அப்பா லீவு போட்டு வந்தார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே இருந்த அப்பா, ஒரு தடவைகூட இல்லையென்று சொன்னதில்லை.