ஒரு நாள்காட்டிக்கு ஒரு மூட்டை

போன வாரம் கணபதி மறுபடியும் நெட்டிலிருந்து முழு மூட்டையையும் இறக்கிக்கொண்டிருந்தார். செயலிக்குக் கேட்டது ஒரு நாள்காட்டி. கப்பல் தேதியைத் தொட்டுத் தேர்வு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்காக உலக வரைபடம், கணக்குக் கட்டங்கள், அசையும் படங்கள், பாட்டு எல்லாம் சேர்ந்த ஒரே கட்டு வந்துகொண்டிருந்தது. யாரோ எழுதி வைத்த இந்த ஆயத்த நிரல்களை லைப்ரரி என்கிறார்கள். அதில் வேண்டியதை மட்டும் எடுக்கவும் வழி உண்டாம். அவர் எடுக்க மாட்டார்.

டெலானிபூரில் நான் தேநீர் போட்டுப் பெருக்கும் அலுவலகம் இது. தீவுகளில் இருக்கும் செவிலியர்கள், நோயாளியை இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கப்பலில் இடம் கேட்பதற்கான செயலியை இங்கே செய்கிறார்கள். செய்கிறவர் கணபதி, ஏவுகிறவர் முதலாளி அருண்பிரசாத்.

கணபதியை அபர்டீன் பஜாரில் ஒரு பல்பு வாங்கி வரச் சொன்னால் ஹோல்டர், ஒயர், டேப், டெஸ்டர் எல்லாம் வரும். டெஸ்டர் ஏற்கெனவே இருக்கிறதே என்றால், "இருக்கட்டுமே, கெட்டா போவுது?" என்பார். மழைக்கோட்டுக்கு மேல் குடையும் பிடித்து வருவார். இரண்டும் நான் துடைத்த தரையில்தான் சொட்டும்.

செயலி கனக்கிறது என்று அருண்பிரசாத் கத்தும்போதெல்லாம் கணபதி பழைய கதையை எடுப்பார். முன்பு துண்டு துண்டாகத்தான் எடுத்தாராம். ஒரு துண்டு இன்னொன்றைக் கேட்டதாம். அது வருவதற்குள் மழையில் நெட் போய் வேலையே நின்றதாம்.

"அப்பவும் நீங்கதான் திட்டினீங்க, சார். இப்ப முழுசா எடுத்தாலும் திட்டுறீங்க. க்யா கரூன், நான் என்னதான் செய்ய?"

பொய்யில்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

நேற்று கச்சால் தீவிலிருந்து செவிலி விஜயகுமாரி பேசினார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை அடுத்த கப்பலில் அனுப்ப வேண்டும். மாலைக்குள் செயலியில் பதிந்தால்தான் இடம். செயலியோ அவர் போனில் ஏறவில்லை. இருப்பதை அழித்து இடம் செய்யச் சொன்னார் கணபதி.

"அழிச்சிட்டேண்ணே. மகனோட போட்டோ எல்லாம் அழிச்சிட்டேன். பொறந்ததுலருந்து வச்சிருந்தது. இன்னமும் இடம் பத்தலைன்னுதான் காட்டுது."

கணபதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த லைப்ரரிக் கட்டைப் பிரித்தார். ஒன்றை நீக்கினால் வேறேதோ உடைந்து திரையில் சிவப்பாகக் கத்தும். வாய்க்குள் இந்தியில் வைதபடி அதைச் சரி செய்வார். சாப்பாடு ஆறியது. நான் வைத்த தேநீரில் ஆடை படிந்தது. பொழுது சாய்வதற்குள் நாள்காட்டி மட்டும் மிஞ்சிய செயலி கச்சாலுக்குப் போயிற்று. சிறிது நேரத்தில் விஜயகுமாரி அழைத்து, இடம் கிடைத்துவிட்டது என்றார்.

கணபதி போனை வைக்கவில்லை.

"பையன் பக்கத்துல இருக்கானா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா. இங்க நான் சேத்து வைக்கிறேன்."

மழை பிடித்துவிட்டது, நெட் இழுத்தது. படம் மங்கலாக வந்து அப்படியே நின்றது. உள்ளறையில் அருண்பிரசாத் மெயின்லேண்டு ஆள் ஒருவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். கணபதி எழுந்து, அந்த ஒரு படம் இறங்கட்டும் என்று ஒவ்வொரு கணினியாக நெட் இணைப்பைப் பிடுங்கினார். கடைசியில் உள்ளறைக்குப் போகும் ஒயரையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி நின்றார்.