தாம்பரத்திலிருந்து பாங்காக், கோவளம் வழியாக

இந்தப் பதிவில் விமானம் வராது. பாங்காக் என்று தலைப்பில் பார்த்துவிட்டு மிதக்கும் சந்தையும் மசாஜும் ஷாப்பிங்கும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். நாங்கள் கோவளத்தைத் தாண்டவில்லை. ஆனால் வயதானவர்களை பாங்காக் அழைத்துப் போவது பற்றி எனக்கு அடிக்கடி கேள்விகள் வருகின்றன. அதிலும் அங்கேயே பல வருடம் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். அவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படிக்கட்டும்.

நான் குடியிருப்பது சேலையூரில். மாடி வீட்டில் கதிரேசன் சாரும் வசந்தாக்காவும் இருக்கிறார்கள். சாருக்கு எழுபத்தாறு, அக்காவுக்கு எழுபது. சார் பாங்காக்கில் ஒரு துணி இறக்குமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருபத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் காலையில் பால் வாங்க இறங்கினால் பால் பூத்தில் ஒரு பாங்காக் கதை சொல்லாமல் மேலே ஏற மாட்டார். சாகிறதற்குள் ஒருமுறை அந்தத் தெருவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளை பணம் அனுப்பிவிட்டான், பாஸ்போர்ட்டும் புதுப்பித்தாயிற்று. அக்காதான் மாட்டேன் என்கிறார்.

காரணம் கேட்டால் தினம் ஒன்று. முட்டி வலி, துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, வெயில், பக்கத்து வீட்டுக் கல்யாணம். முட்டி வலிக்கும் அதே அக்காதான் வடாம் காயப்போட மொட்டைமாடிக்கு ஒரு நாளில் நான்கு தடவை ஏறுகிறார். இதைச் சொன்னால் முறைப்பார் என்பதால் நான் சொல்வதில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. குறைந்த விலை டிக்கெட்டை அன்று இரவு வரைக்கும்தான் பிடித்துவைக்க முடியும் என்று டிராவல்ஸில் சொல்லிவிட்டார்கள். சார் ஒரு திட்டம் போட்டார். பாங்காக்கில் உடன் இருந்த இரண்டு பேர் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், ஒருவர் கூடுவாஞ்சேரி, ஒருவர் நாவலூர். அவர்களிடம் அக்காவை அழைத்துப் போனால் பேச்சு வாக்கில் மனசு மாறிவிடும் என்று கணக்கு. வழித்துணைக்கு நான்.

காலை 8.10க்கு சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ, 3 கி.மீ., 120 ரூபாய். அங்கிருந்து கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயில், ஆளுக்கு ஐந்து ரூபாய், இருபது நிமிடம். சனிக்கிழமை காலையில் செங்கல்பட்டு பக்கம் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். பெருங்களத்தூர் வருவதற்குள் சார் ஆரம்பித்துவிட்டார். "அந்தக் காலத்துல பாங்காக்ல ரயிலே கிடையாது சேகர். பஸ்தான்."

"ரயில் இருந்துச்சு" என்றார் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "நீங்க ஏறுனது இல்ல, அவ்ளோதான்."

கூடுவாஞ்சேரியில் மரியதாஸ் அண்ணனின் வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டு கி.மீ. தள்ளி ஒரு மனைப்பிரிவில் இருக்கிறது. பாங்காக்கில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே பணத்தின் மதிப்பு சரிந்த சமயத்தில் வேலை போய்த் திரும்பியவர், அப்புறம் போகவே இல்லை. அவர் விவரிக்கும் பாங்காக்கில் மழை பெய்தால் சந்துக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், பலகை போட்டு நடப்பார்கள். மூன்று கி.மீ. போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தால் நடக்கிறவன் நடந்த இடத்தில் நிற்பான். இத்தனையையும் சொல்லிவிட்டு, "ஆனா சொர்க்கம் சார் அது" என்று முடித்தார்.

"எப்ப கெட்டுப்போச்சுன்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் வந்ததும்தான். தூண் கட்டி வானத்துல ரயில் விட்டான் பாருங்க, அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் டிராஃபிக்ல நிக்கறப்ப பக்கத்துல இருக்கறவன் கிட்ட பேசுவான். இப்ப எங்க பேசறான்?"

பேச்சு அவர்கள் எல்லோரும் குடியிருந்த சந்துக்கு வந்தது. கால்வாய் ஓரமாகப் போகும் சந்து, முனையில் மாலி என்ற பெண்ணின் நூடுல்ஸ் வண்டி. சந்துக்குள் நுழைந்தால் வண்டி இடது பக்கம் என்றார் அண்ணன். வலது பக்கம் என்றார் சார். இரண்டு பேரும் கொஞ்சம் குரல் உயர்த்தினார்கள்.

"காலைல இடது, மத்தியானத்துக்கு மேல வலது" என்றார் அக்கா. "வெயில் பார்த்து தள்ளிக்கினே இருப்பா." அதோடு காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இருபத்துநான்கு வருடமும் சார் காலையில் கிளம்பி ராத்திரி வந்திருக்கிறார். அந்த ஊரில் பகல் முழுக்க வாழ்ந்தவர் அக்காதான். கதை சொல்கிற உரிமை மட்டும் சாருக்கு வந்துவிட்டது.

பத்தரைக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து வாடகைக் கார். எட்டு மணி நேரம், 80 கி.மீ., 2,400 ரூபாய். வண்டலூர் வந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால், நாவலூர் வரை 35 கி.மீ. ஒன்றே கால் மணி நேரம் ஆனது. கண்டிகை தாண்டி ஒரு லாரி மறித்துக்கொண்டு நிற்க, டிரைவர் தம்பி புலம்பினார். "இன்னா சார் பேஜாரு. ஊரே இங்க வந்து குந்திகினு கீது. நான் வண்டி ஓட்ட வந்தப்ப இந்த ரோடு எவ்ளோ ஃப்ரீயா இருந்துச்சு தெரியுமா?"

"எவ்வளவு வருஷமா ஓட்டறீங்க?"

"மூணு வருஷம் ஆவுது சார்."

அக்கா அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

நாவலூரில் ஜெயலட்சுமி டீச்சர் மகள் வீட்டில் பதினோராம் மாடியில் இருக்கிறார். பாங்காக்கில் இந்தியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டு வருடம் முன்புதான் திரும்பினார். அவருடைய பாங்காக்கில் வானத்து ரயில் இருக்கிறது, அது ரொம்ப நல்ல ரயில். அவர் கிளம்பி வந்த பிறகு நடைபாதைக் கடைகளை எடுத்ததில்தான் ஊர் பாழாய்ப் போனதாம். சார் தலையாட்டினார். மரியதாஸ் அண்ணன் சொன்னபோதும் அவர் அப்படித்தான் தலையாட்டினார். ஊர் கெட்டது அவரவர் விமானம் ஏறிய மறுநாள் என்பதில் மூன்று பேருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

சாப்பாட்டுக்குத் தயிர் சாதம். தொட்டுக்கொள்ளப் பச்சைப் பப்பாளியை மெல்லிசாகச் சீவி, மிளகாய், வெல்லம், எலுமிச்சையோடு உரலில் தட்டிப் போட்ட தாய்லாந்து சாலட். காரம் உச்சி மண்டையில் ஏறியது. நன்றாகவே இருந்தது.

டீச்சர் ஜனவரியில் பாங்காக் போய் வந்திருந்தார். சார் கேட்டுக்கொண்டதால் அந்தச் சந்துக்குப் போய் வீடியோவும் எடுத்திருக்கிறார். ஆனால் போனில் அனுப்பவில்லை, நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று பார்த்ததும் புரிந்தது. இரண்டு நிமிட வீடியோ. கால்வாய்க்கு இரு பக்கமும் சிமென்ட் சுவர். சந்து இருக்கிறது, சந்தில் இருந்த எதுவும் இல்லை. அவர்கள் வீடு இருந்த மாடிக் கட்டட வரிசை முழுவதும் இடிக்கப்பட்டு, பதினெட்டு மாடியில் ஒரு கண்ணாடிக் கட்டடம். நாள் வாடகைக்கு அறைகள் என்று ஆங்கிலத்தில் பலகை. முனையில் நூடுல்ஸ் வண்டி நின்ற இடத்தில் பைக்குகள் நிறுத்த வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள்.

"நம்ம வீடு?" என்றார் சார்.

"அந்த லிஃப்ட் வாசல் தெரியுதே, அங்க இருந்திருக்கும் சார்."

"மாலி?"

"வாட்ச்மேன் கிட்ட கேட்டேன். அப்படி யாரையும் அவனுக்குத் தெரியல."

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்த முனையை மட்டும் மறுபடி காட்டுங்க டீச்சர்." மூன்று தடவை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சார் பால்கனிக்குப் போய் நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தாலும் எதிரே அதே மாதிரி கண்ணாடிக் கட்டடங்கள்தான்.

காரில் ஏறியதும் சார் சொன்னார்: "கேன்சல் பண்ணிடு சேகர். இதைப் பார்க்கவா அவ்ளோ தூரம் போகணும்?" எனக்குக் கஷ்டமாக இருந்தது. காருக்கு இன்னும் நேரம் மிச்சம் இருக்கிறது, கோவளம் போகலாம் என்றேன். 14 கி.மீ., அரை மணி நேரம்.

கோவளத்தில் மீன் வாங்குவதென்றால் காலையில் போக வேண்டும். மாலை நான்கு மணிக்கு வறுத்த மீன் கிடைக்கும். கடற்கரை ஓரத்தில் ஒரு கடைக்கார அம்மா பிளாஸ்டிக் ஸ்டூல்களை இழுத்துப் போட்டார். "குந்துங்க. இன்னா வேணும்? வஞ்சிரம் கீது, சங்கரா கீது." சங்கரா சொன்னோம், மூன்று பேருக்கு 360 ரூபாய். சார் முதுகு சாய்கிற நாற்காலி இருக்கிறதா என்று தேடினார். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து, அடுப்பின் புகை வராத பக்கம் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சேகர், டிக்கெட் போட்டுடுப்பா" என்றார்.

சார் திரும்பிப் பார்த்தார். "எதைப் பார்க்க? இத்தனை நாள் மாட்டேன்னே. இப்பதான் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சே."

"அதனாலதான்." அக்கா தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தட்டினார். "மாலி கடையில நீல ஸ்டூல் ஒண்ணு இருந்துச்சு. தினம் மத்தியானம் புள்ளை ஸ்கூல் விட்டு வர வரைக்கும் நான் அதுல உட்கார்ந்து அவளுக்குப் பூண்டு உரிச்சுக் குடுப்பேன். அவ பேசுவா, நான் கேட்டுக் கேட்டு அவ பாஷை கத்துக்கினேன். அந்த ஸ்டூல்ல வேற யாரும் உட்கார மாட்டாங்க, வசந்தாவோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். இங்க வந்தப்புறம் மத்தியானம் மூணு மணி ஆனா அந்த நினைப்புதான். இப்ப அதுல எவ உட்கார்ந்திருக்காளோன்னு. நாம போய் நிக்கறப்ப எல்லாம் அப்படியே நடந்துக்கினு இருந்து, நான் மட்டும் இல்லாம நடந்துக்கினு இருந்தா, அதை என்னால பார்க்க முடியாதுங்க. இப்ப யாரும் உட்காரலன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே போகலாம்."

இந்த ஸ்டூல் கதையைச் சாரும் அப்போதுதான் கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. மீன் வந்தது. முள் எடுத்துக்கொண்டே, "சரி, போய் என்ன பண்றது அங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சும்மா நடக்கலாம். இருபத்துநாலு வருஷத்துல பகல்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தெருவுல நடந்ததே கிடையாது."

இனி விவரங்கள். சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரப் பறப்பு. பெரும்பாலும் ராத்திரி கிளம்பி விடியலில் இறக்கிவிடுவார்கள், வயதானவர்களுக்கு அது சிரமம், போய்ச் சேரும் நாளில் வேறு எதுவும் வைக்காதீர்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் என் பழைய பதிவுகளை நம்பாமல் டிக்கெட் போடும் அன்று சரிபாருங்கள். ரயில் நிலையங்களில் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது, கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், இருபது பேர் போகிற பேக்கேஜில் இவர்களைச் சேர்க்காதீர்கள். கிளம்பும் முன் அவர்கள் இருந்த இடத்தின் இன்றைய வீடியோவை யாரிடமாவது வாங்கிக் காட்டிவிடுங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்பார்கள், அல்லது போகலாம் என்பார்கள். யார் எதைச் சொல்வார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், நான் செய்த கணக்கு தலைகீழாகப் போனது. அப்பாவிடம் மட்டும் கேட்டுத் திட்டம் போடாமல் அம்மாவிடமும் கேளுங்கள்.

கடைசியாகத் தங்குமிடம். நான் வழக்கமாகப் பரிந்துரைக்கும் ஹோட்டலைத்தான் சொன்னேன். திரும்பும் வழியில் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றபோது, அந்தக் கண்ணாடிக் கட்டடத்திலேயே அறை கிடைக்குமா பார் என்றார் அக்கா. போனில் தேடினேன், கிடைத்தது. பத்து நாளைக்கு இரண்டு பேருக்கு. எந்த மாடி விருப்பம் என்று கேட்டிருந்தார்கள். மேலே போகப் போகத் தூரத்தில் ஆறு நன்றாகத் தெரியும், பதினைந்துக்கு மேல் போடட்டுமா என்று கேட்டேன்.

"மூணாவது போடுப்பா" என்றார் சார், முன் சீட்டிலிருந்து திரும்பாமலே. "நம்ம வீடு மூணாவது மாடி."