தலையில் வைத்த கை

என் பேத்தி பெனினாவுக்கு நாலு வயது. போன வருடம் மழைக்காலம் தொடங்கியதும் சாப்பாட்டை ஒதுக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வாயாடிப் பிள்ளை, பேசுவதையே நிறுத்திவிட்டாள். பூச்சி மருந்து, டானிக் எல்லாம் கொடுத்தோம். முகம் வெளுத்துக்கொண்டே போனது.

அவள் அப்பா தானியேல், என் மருமகன், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். அந்தக் கம்பெனிப் புகைதான் காரணம் என்று நான் மனு எழுதினேன். அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசையில் எவ்வளவு நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். அதிகாரிகள் வரும் நாள் கம்பெனிக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்று புகைபோக்கி உபவாசம் இருந்தது. குறை ஏதும் இல்லை என்று நல்ல தமிழில் பதில் வந்தது.

சபையார் ஜெபித்தார்கள். தானியேலும் வேலை முடிந்து வந்ததும், பிள்ளை தூங்கிவிடுமே என்று, அழுக்குச் சட்டையோடு அவள் தலையில் இரண்டு கையையும் வைத்து அழுது ஜெபிப்பார்.

ஒருநாள் நான் முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, எனக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துவிட்டது. நீர் காட்டும்.” அவ்வளவுதான். களைப்பு, வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் புது டாக்டரம்மா. விளையாட்டாகக் கேட்டார்: “அப்பா வேலைலேர்ந்து வந்ததும் இன்னா பண்ணுவாரு?”

பெனினா டாக்டரம்மா தலையில் இரண்டு கையையும் வைத்தாள். “இப்டி வெச்சி ஜெபம் பண்ணுவாரு.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கூட வந்திருந்த தானியேலின் நகங்களைப் பார்த்தார், வேலையைக் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் அப்பா, பிள்ளை இருவருக்கும் ஈயம். கையிலும் சட்டையிலும் ஒட்டிய தூசி வீட்டுக்கு வந்திருக்கிறது.

“என் ஜெபமே அவளுக்கு விஷமாயிடுச்சா மாமா?” என்றார் தானியேல்.

என் மகள் ரூபிதான் சொன்னாள்: “ஜெபத்த யாரு வாணாங்கறாங்க? குளிச்சிட்டு வந்து பண்ணுங்க.”

தானியேல் கூட வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, குளிக்க இடம் கேட்டு முதலாளியிடம் போனார். இப்போது கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வேறு வேலையும் தேடுகிறார், இன்னும் கிடைக்கவில்லை. பெனினாவின் ரத்தத்தில் ஈயம் குறைந்துகொண்டு வருகிறது. மருந்து தொடர்கிறது. நேற்று நான் செய்தித்தாள் படிக்க விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்படிப்பட்ட வேலையில் இருக்கிற சகோதரரே, பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். பயத்தோடு போன எங்களைக் கர்த்தர் தள்ளவில்லை, உங்களையும் தள்ளமாட்டார்.