அதே வாத்து

என் கணவரை நான் முதலில் எங்கே பார்த்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஒரு காலத்தில் அப்பாவைக் கேட்டிருந்தால் ஏதோ ஒரு பூங்காவில் என்றிருப்பார். அப்படி ஒரு பூங்காவை நான் கண்ணால் கண்டதில்லை.

அரியலூரில் எங்கள் வீடு. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். நான் தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூரில் காலேஜ் படித்தேன், கடைசி வருஷம். வரன் பார்க்கப் போட்டோ வேண்டும் என்றார்கள். காலேஜ் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். நீலத் துணி முன்னால் நிற்கவைத்து எடுத்தார்கள். மறுநாள் கையில் கொடுத்த படத்தில் எனக்குப் பின்னால் என்னவோ பச்சையாக இருந்தது. நான் என் மூக்கைத்தான் பார்த்தேன். எடுப்பாக விழுந்திருந்தது.

தரகர் செட்டிகுளத்துப் பையன் போட்டோவைக் கொண்டுவந்தார். அவர் போனதும் அப்பா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எந்த ஊரு பார்க்கு இது?"

எட்டிப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் நீரூற்று, வெள்ளை பெஞ்சு, ஓரத்தில் ஒரு வாத்து. எனக்குப் பின்னாலும் அதே நீரூற்று, அதே பெஞ்சு. அட கடவுளே, அதே வாத்து!

"எத்தன நாளா நடக்குது? தரகர வெச்சி எங்க கண்ணுலயே மண்ணத் தூவுறீங்களா?"

"சத்தியமாப்பா, நான் ஒரு நீலத் துணி முன்னாடிதான் நின்னேன்."

"அப்ப வாத்து எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? அழுகைதான் வந்தது. அம்மா, "அடிப்பாவி, காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கடி போன?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். காலேஜ் நின்றது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு, நான் நிஜமாகவே எங்கேயாவது போயிருப்பேனோ என்று எனக்கே பைத்தியம் பிடித்தது போலிருந்தது. ஆனால் அந்தப் பையனைத் தெரியாதே!

கடைசியில் அப்பா, "வா, அந்த ஸ்டுடியோவக் காட்டு" என்றார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்டுடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த சீனரிதாங்க இங்க எல்லாருக்கும் புடிக்குது. வாங்க, இப்படி நில்லுங்க" என்று அப்பாவையே நீலத் துணி முன்னால் நிறுத்தி எடுத்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். நீலம் காணாமல் போனது. காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக அப்பா வாத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"அடேங்கப்பா!" என்று அப்பா திரையைத் தொட்டுப் பார்த்தார். "ஊட்டியில நிக்கிறீங்களா சார், தாஜ்மகால்லயா?" என்று கேட்டு ஸ்டுடியோக்காரர் படத்தை மாற்றிக்கொண்டே போனார். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. கடைசியில் வாத்துப் படத்தையே பிரிண்ட் போடச் சொன்னார்.

திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "இத மொதல்லயே தெளிவா சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு என்னத்தைச் சொன்னேனாம் நான்? பெற்ற பெண் கதறியதை நம்பாதவர், யாரோ ஒருவர் கம்ப்யூட்டரைத் தட்டியதும் நம்பிவிட்டார். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்றே விளங்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் படத்தை நீட்டினார். "நல்லாருக்கேனாடி?" என்று கேட்டுவிட்டு என்னிடமும் காட்டினார்.

வாங்கி நிதானமாகப் பார்த்தேன்.

"எந்த ஊரு பார்க்குப்பா இது? யார் கூடப் போனீங்க?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. படத்தை என் கையிலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.