மாரியாயி நிமிர்ந்து பார்க்காத நாட்கள்

காஜாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அக்கா தங்கை இரண்டு பேர் பால்வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் மாரியாயி, இளையவள் பவுனம்மாள். தாய் தகப்பன் போனபிறகு ஒருத்திக்கு ஒருத்தி துணை. மாரியாயியை ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த கன்னையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பவுனம்மாள் கிள்ளானில் மாட்டுவண்டி ஓட்டிய ரெங்கசாமிக்கு வாழ்க்கைப்பட்டாள். அப்போது தோட்டத்தில் எல்லாரும் மாரியாயியைத்தான் கொடுத்துவைத்தவள் என்றார்கள். கவர்மெண்டு வேலைக்காரன் பெண்டாட்டி அல்லவா!

பிறகு ரப்பர் விலை ஏறியது. ரெங்கசாமி மாடுகளை விற்று லோரி வாங்கினான். தோட்டங்களிலிருந்து ரப்பரைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போனான். ஒரு லோரி இரண்டாயிற்று. கிள்ளான் கடைத்தெருவில் மாடி வைத்த வீட்டுக்குக் குடி போனார்கள். மாரியாயி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசைவீட்டில், கல்யாணமாகி வந்த அதே ஒற்றை அறையில் இருந்தாள். மழை பெய்தால் கூரை ஒழுகும் இடம் பார்த்துச் சட்டி வைத்தாள். தங்கையைப் பற்றி யாராவது கேட்டால், "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்று சிரித்தபடி சொல்வாள். சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ புளிக்கும்.

பவுனம்மாளின் மகன் பாலனுக்கு மொட்டை போட்டுக் காது குத்திய அன்று மாரியாயி தன் மகள் லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் போனாள். லெட்சுமி ஒல்லிக்குச்சி, எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பாலனோ கொழுகொழுவென்று, இடுப்பில் வெள்ளி அரைஞாண், கையில் தங்கக் காப்பு. பந்தியில் உட்கார்ந்திருந்த மாரியாயிக்குக் கண் அவனைவிட்டு நகரவில்லை. 'இது என் வயிற்றில் பிறந்திருக்கக் கூடாதா' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் தலையைத் திருப்பினாள். எதிரே ரெங்கசாமியின் அக்கா நல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மாரியாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பவுனு, புள்ளைக்குச் சுத்திப் போடு. வந்தவங்க கண்ணெல்லாம் ஒரே மாதிரி இருக்காது" என்றாள் நல்லம்மாள், எல்லார் காதிலும் விழும்படி.

மாரியாயி இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் காய்கறிப் பாசாரில் ரெங்கசாமியின் லோரி டிரைவரைப் பார்த்தாள். "தெரியுமாக்கா? சின்னவன் பாலனுக்குக் காய்ச்சல். குளிர் தூக்கித் தூக்கிப் போடுதாம்" என்றான்.

வாங்கிய கீரையைப் பலகையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்தோமே, அப்படிப் பார்த்தோமே. போய்ப் பார்க்கலாம் என்றால், இவள் வந்த பிறகுதான் பிள்ளைக்கு ஏதோ ஆயிற்று என்பார்கள். போகாமல் இருந்தால், பொறாமை பிடித்தவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பார்கள். ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பயம். ஊர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

அன்றிலிருந்து மாரியாயி யாரையும் நிமிர்ந்து பார்ப்பதை விட்டாள். பக்கத்து லயத்தில் சபாபதி வீட்டுப் பசு கன்று போட்டிருந்தது. அந்தப் பக்கம் போகாமல் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனாள். அப்படியும் பசுவுக்குப் பால் குறைந்துவிட்டது என்று சபாபதி சம்சாரம் சொன்னபோது அவளுக்கு வியர்த்தது. பெற்ற மகளைக்கூடப் பார்க்கப் பயந்தாள். லெட்சுமி என்றைக்காவது இரண்டாம் முறை சோறு கேட்டால், தட்டில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

"ஏம்மா என்னைப் பாக்க மாட்டேங்கிற?" என்று குழந்தை கேட்டது.

"கண்ணு வலிடி" என்றாள்.

கன்னையா கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அவன் நம்பி, கண்ணுக்கு விட நந்தியாவட்டைப் பூ பறித்துவந்து வைத்தான். அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் வாசலில் ரிக்சா வந்து நின்றது. பவுனம்மாள் இறங்கினாள். தோளில் துணி சுற்றிய மூட்டை மாதிரி பாலன்.

"அக்கா, சீக்கிரம் கிளம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு தடவை விட்டுச்சு, திரும்பவும் வந்திருச்சு. நாத்தனார் மந்திரிச்சாப் போதுங்கிறாங்க. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்லயே வந்து மறிப்பாங்கன்னு ரயில் ஏறி வந்துட்டேன். அவரு துறைமுகத்துல இருக்காரு. இவனைக் கொஞ்சம் பிடி, கை விட்டுப்போச்சு."

மாரியாயி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். "என்கிட்டக் குடுக்காதே, பவுனு. நான் தொடக் கூடாது. பாக்கவே கூடாது."

"என்ன உளர்ற?"

"அன்னைக்கு நான் பாத்தேன். உன் புள்ளையை, அந்தக் காப்பை, உன் வீட்டை, எல்லாத்தையும். என் வயிறு எரிஞ்சிச்சு, பவுனு. உன் நாத்தனார் சொன்னது நிசம்."

பவுனம்மாள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நீ பாத்தது எனக்குத் தெரியும். நீ கல்யாணமாகி இங்க வந்தப்ப நான் தோட்டத்துல தனியாக் கெடந்தேன். உன்னை நெனச்சு எனக்கு எப்படி எரிஞ்சிச்சு தெரியுமா? உனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. எங்க வீட்டுக்குப் பின்னால சதுப்பு. தெருவுல பாதிப் புள்ளைங்களுக்குக் காய்ச்சல். அத்தனையும் நீயா பாத்தே? இப்பப் பிடிக்கிறியா, இல்ல கீழ போடட்டுமா?"

குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மாரியாயி கண்ணை மூடிக்கொண்டே ரிக்சாவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொசுவால் வரும் குளிர்காய்ச்சல் என்றார்கள். கசப்பான கொய்னா மருந்தைப் புகட்டினார்கள். பல நாள் தூங்காத பவுனம்மாள் தரையிலேயே சுருண்டு உறங்கிவிட்டாள். மருந்து கொடுத்த டிரெசர் மாரியாயியைக் கூப்பிட்டார். "அம்மா, நீங்க முழிச்சிருக்கீங்களா? பையன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. உதடு நீலமானா, கண்ணு மேல சொருகினா உடனே கத்துங்க."

வேறு யாரும் இல்லை. பார்த்தால் போய்விடுமோ, பார்க்காவிட்டால் போய்விடுமோ என்று தவித்தாள். கடைசியில் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வறண்ட உதட்டை, துடிக்கும் கழுத்து நரம்பை, குத்திய காதில் ஒட்டியிருந்த பொருக்கை. கண் எரிந்து நீர் வழிந்தது. இமைப்பதற்குக்கூடப் பயந்தாள். வெயில் தாழ்ந்து ஜன்னல் பக்கம் நிழல் விழுந்தபோது பாலனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. விழித்து அவளைப் பார்த்தான். "தண்ணி" என்றான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். அதற்காக மாரியாயியின் பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. ரெங்கசாமி மூன்றாவது லோரி வாங்கியபோதும் எரியத்தான் செய்தது. ஆனால் இப்போது அதை மூடிவைக்கவில்லை. "வயிறு எரியுதுடி" என்று தங்கையிடம் நேராகச் சொல்லிவிடுவாள். பவுனம்மாள் சிரிப்பாள். நல்லம்மாள் மட்டும் மாறவே இல்லை. மாரியாயி படியேறினால் சூடம் தேடிப் போவாள். அந்தச் சூடவாசனை வரும்போதெல்லாம் மாரியாயி கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள்.

சில வருஷம் கழித்து ரப்பர் விலை அடியோடு விழுந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ரெங்கசாமியின் லோரிகள் ஒவ்வொன்றாகப் போயின. மாடிவீட்டை விட்டுப் பலகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கன்னையா வந்து சொன்னான். கேட்ட மாத்திரத்தில் மாரியாயியின் மனசு 'அப்பாடா' என்றது. ஒரே ஒரு கணம்தான். அந்தக் கணத்தை நினைத்து அவள் பயந்த மாதிரி பாலனின் காய்ச்சலுக்குக்கூடப் பயந்ததில்லை.

மறுநாள் காலை ரயிலேறி, அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். சுமையை இறக்கியதுமே சொல்லிவிட்டாள்: "பவுனு, கேட்டதும் எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமா இருந்திச்சு."

இந்தத் தடவை பவுனம்மாள் சிரிக்கவில்லை. அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து, "இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்க்கா" என்றாள்.

மாரியாயி எழுந்து போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கல் பொறுக்கினாள். இத்துடன் உறவு முடிந்ததோ என்று பயந்தாள். உலை வைத்தார்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். சாயந்தரம் புறப்படும்போது பவுனம்மாள் ரயிலடி வரைக்கும் கூட நடந்து வந்தாள். வண்டி நகரும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த வாரம் வரும்போது லெட்சுமியையும் கூட்டிட்டு வா."