நண்பரின் பந்து

தஞ்சாவூர் மனமகிழ் மன்றத்துக்கு நான் செய்தித்தாள் படிக்கப் போவேன். அங்கே பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு மிராசுதார் தனியாக ஆடிக்கொண்டிருப்பார். குறுவை அறுவடைக் கூலித் தகராறில், விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் கேட்டபடியே தம் ஆட்களுக்கு நெல் அளந்துவிட்டவர் அவர். அன்று முதல் மற்ற மிராசுதார்கள் அவரோடு பேசுவதில்லை. எப்போதும் அவரோடு ஆடிய நண்பரும் பக்கத்து அறையில் சீட்டாடப் போய்விட்டார்.

நெடிய, சற்றே கூனிய உருவம். தம் பந்தை அடித்தபின் மேசையைச் சுற்றி வந்து, நண்பரின் பந்தையும் அவரே அடிப்பார்.

“ரெண்டு பேர் ஆட்டமும் நீங்களேவா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவர் பந்தை நடுவுல அடிக்க மாட்டாருங்க. வலது ஓரத்துல தட்டிச் சைடு கொடுத்துச் சுழல விடுவாரு. மேசை விளிம்புக் குஷன்ல பட்டதும் அகலமாத் திரும்பும். அது எனக்கு மறந்துடக் கூடாதில்ல?”

சொல்லிக்கொண்டே தட்டினார். கோல்முனை வழுக்கி, வறட்டொலி எழுந்தது.

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது: “நான் என்னிக்குய்யா அவ்வளவு ஓரத்துல தட்டினேன்?”

சீட்டாடியவர்கள் சிரித்தார்கள். நண்பர் கேட்டது ஏளனமா, பழைய உரிமையா என்று இன்றும் நான் அறியேன். மிராசுதார் கோல்முனையில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். நண்பரின் பந்தைப் பழைய இடத்தில் வைத்து, சற்று உள்ளே தள்ளித் தட்டினார். அது குஷனில் பட்டு அகலமாகத் திரும்பியது. அவர் பந்தைப் பார்க்கவில்லை; பக்கத்து அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.