மாடத்தி அக்கா வைத்த பேர்கள்

மம்சாபுரத்தில் மாடத்தி அக்கா வீட்டு மாட்டுத்தொழுவத்தில் கேமரா மாட்டியது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கிறேன். என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

அக்காவின் வீட்டுக்காரர் ஜெயபாண்டி அண்ணன் ராணுவத்தில், அசாமில் இருக்கிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர். ஆனால் தன் இரண்டு பசுக்களையும் தினமும் போனில் பார்த்தாக வேண்டும். அக்கா நேர் எதிர். பால் கறந்து, ரெண்டு ஏக்கர் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, மீதி நேரம் பேசிக்கொண்டே இருப்பார்.

அங்கே கரண்ட் போய் வந்தால் இன்டர்நெட் பெட்டிக்குப் புது நம்பர் விழும். அண்ணன் தன் போனில் பழைய நம்பரைத் தட்டினால் தொழுவம் தெரியாது. அண்ணன் உடனே அக்காவைக் கூப்பிடுவார். அக்கா நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொல்வார், நடுநடுவே ஊர்க்கதையும் வரும். பத்து நிமிஷமாவது ஓடும்.

லீவில் வந்த அண்ணன் இதைச் சரிபண்ணச் சொன்னார். நம்பர் எத்தனை தடவை மாறினாலும் மாறாத ஒரு பேரைப் பதிவு செய்தேன். அந்தப் பேரைத் தட்டினால் போதும், புது நம்பரை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இனி யாரையும் கேட்கத் தேவையில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். அக்காவின் முகம் ஏன் சுருங்கியது என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பேரை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டார். அவர் போனிலேயே மாற்றலாம் என்று செய்து காண்பித்தேன்.

அண்ணன் அசாமுக்குத் திரும்பிய எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். கேமரா தெரியவில்லையாம். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அக்கா சாணி அள்ளிக்கொண்டே சொன்னார்:

"பேரை மாத்திட்டேன் தம்பி. ஒரு வாரமா அவிய மாட்டைத்தான் பாத்துட்டு இருந்திருக்காவ. நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு போன் இல்ல. புதுப் பேரு வேணும்னா எங்கிட்டக் கேக்கச் சொல்லு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியே அண்ணனிடம் சொன்னேன். ரெண்டு நாள் வீராப்பாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர் அக்காவைக் கூப்பிட்டார். அதிலிருந்து அக்கா தினம் ஒரு பேர் வைத்தார். மாட்டின் பேர், அன்றைய குழம்பின் பேர், ஒருநாள் மாமியாரின் பேர்கூட.

போன மாதம் வயர் மாற்றப் போயிருந்தபோது அண்ணனின் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டு, "இன்னைக்குப் பேரு மாத்த மறந்துட்டேன், நேத்து சொன்னதேதான்" என்றார்.

"தெரியும்ட்டி. மாட்டை அப்பவே பாத்தாச்சு" என்றார் அண்ணன். "நீ சொல்லு, இன்னைக்கு யாரோட சண்டை?"